கடல் எண்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதல் திங்கட்கிழமை காலையில், தீவில் வேலை செய்யும் இருநூற்றுப் பதினான்கு பேரும் என் ஆய்வகத்தின் முன்னால் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் பிடரியிலிருந்தும் பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை முடியைத் தோலை ஒட்டி வெட்டுவேன். வேர்ப்பக்கம் எது, நுனி எது என்று பிறகு குழம்பக்கூடாது என்பதால் வேர்ப்பக்கத்தில் சிவப்பு நூல் கட்டுவேன். உறையில் போட்டுப் பெயர் எழுதுவேன். அடுத்தவர் வருவார்.

"வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கிட்டாக்கூட ஒரு மொட்டையோட முடிஞ்சிரும். நீ வருசத்துக்கு நாலு தடவ வெட்டுதியே தாயி" என்றார் கொத்தனார் லாசர் அண்ணன். அவர் தலையில் வெட்ட ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைக் காட்டினார். "இங்கன எடுத்துக்க. இதுவும் உதிர்ந்துட்டா என்ன செய்வ?"

"நகம் இருக்குல்லா அண்ணே."

"அதுவும் போச்சுன்னா?"

"உங்களையே படகுல ஏத்திருவாங்க" என்று வரிசையின் பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. லாசர் அண்ணனுக்குப் பின்னால் என் தங்கை சலேத் நின்றிருந்தாள். அவள் கணவன் கஸ்பாரைப் படகில் ஏற்றி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

சலேத் வந்து உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். மற்ற நாட்களில் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். அன்று, வெட்டி முடித்ததும் எழுந்து போய்விட்டாள்.

முடியை ஏன் வெட்டுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். வளரும்போது நாம் குடித்ததும் தின்றதும் அதில் பதிந்துகொண்டே போகும். மூன்று சென்டிமீட்டர் முடி என்பது மூன்று மாத நாட்குறிப்பு. நுனியில் பழைய செய்தி, வேரில் புதிய செய்தி. மனிதர்கள் நாட்குறிப்பில் பொய் எழுதலாம், முடியில் எழுத முடியாது. குறைந்தபட்சம் அந்தத் திங்கட்கிழமை வரை நான் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

எங்கள் தீவின் பெயர் டீலோஸ். கிரேக்கக் கடலின் நடுவில், கடலேற்றத்துக்கு முன்பே ஐந்து கிலோமீட்டர் நீளம் மட்டும் இருந்த கருங்கல் திட்டு. இப்போது இன்னும் சிறியது. பழைய துறைமுகமும் கடைவீதியும் நீருக்கடியில் போய்விட்டன. சரிவில் இருந்த வீடுகளும், கல்லரங்கமும், அவற்றுக்குக் கீழே பாறையில் குடைந்த நீர்த்தொட்டிகளும் மிஞ்சின. அவற்றைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டி, உடைந்ததை ஒட்டி, பார்க்க வருபவர்களுக்காகத் தயார் செய்வதுதான் மீட்பு வாரியம் எங்களுக்குக் கொடுத்த வேலை. லாசர் அண்ணன் சுவர் கட்டினார். சலேத் நீர்த்தொட்டிகளில் வண்டல் அள்ளினாள். நான் எலும்பு அளவையாளர். தோண்டும் இடத்தில் எலும்பு கிடைத்தால் அளந்து, எழுதி, எதிரே தெரியும் ரினேயா தீவுக்கு அனுப்ப வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் முடியை அளப்பது அதே கருவியின் இன்னொரு வேலை.

உணவுக்கூடத்தின் சுவரில் விதிகள் ஆறு மொழிகளில் எழுதப்பட்டிருந்தன. தீவின் நீரைக் குடிக்கக் கூடாது. தீவில் முளைத்ததைத் தின்னக் கூடாது. இங்கே யாரும் பிறக்கக் கூடாது. இங்கே யாரும் இறக்கக் கூடாது.

முதல் இரண்டு விதிகளுக்காக முத்திரையிட்ட தண்ணீரும் கடற்பாசி ரொட்டியும் கப்பலில் வந்தன. மூன்றாவது விதிக்காக, கர்ப்பிணிகளை ஏழாம் மாதத்தில் நடுக்கடலில் நிற்கும் மருத்துவக் கப்பலுக்கு அனுப்பினார்கள். நான்காவது விதிக்காக எங்கள் மணிக்கட்டில் கணிப்பு வளையம் இருந்தது. நாடித் துடிப்பு, ரத்தத்தின் உப்பு, மூச்சின் சூடு ஆகியவற்றைப் பார்த்து, அடுத்த மூன்று நாளில் ஒருவர் இறப்பதற்கான வாய்ப்பை அது கணக்கிடும். இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் சிவக்கும். சிவந்தால் படகு. பிழைத்தால் திரும்பி வரலாம். திரும்பி வந்தவர்கள் இருவர்.

கஸ்பார் சுவர் வேலைக்குக் கட்டிய சாரத்திலிருந்து விழுந்தபோது வளையம் உடனே சிவந்தது. ஆய்வகத்துக்கு எதிரிலேயே சிகிச்சை அறை இருந்தது. அங்கே படுக்க வைக்கவில்லை. எதிர்த்தீவுக்கு எழுநூறு மீட்டர்தான். முந்நூறு மீட்டர் மிச்சம் இருக்கும்போதே உயிர் போய்விட்டது. அங்கிருந்தே கடலில் இறக்கிவிட்டார்கள்.

இந்த விதிகளை வாரியம் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஏதென்ஸ்காரர்கள் இந்தத் தீவில் இறங்கினார்கள். கடவுள் பிறந்த இடம் தூய்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லி, இருந்த கல்லறைகளை எல்லாம் தோண்டி, எலும்புகளை எதிரே இருக்கும் ரினேயா தீவுக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். இனி டீலோஸில் யாரும் பிறக்கவோ இறக்கவோ கூடாது என்று ஆணையிட்டார்கள். பிரசவ வலி எடுத்தவளையும் மூச்சு இழுப்பவனையும் படகில் ஏற்றினார்கள். பிறந்த இடமும் இல்லை, முன்னோர் புதைந்த இடமும் இல்லை என்று ஆகிவிட்டால் ஒருவன் இது என் ஊர் என்று எதைக் காட்டிச் சொல்வான்? நான்கே ஆண்டுகளில், மிச்சமிருந்த உள்ளூர்க்காரர்களை மொத்தமாக வெளியேற்றினார்கள்.

அதனால்தான், தூய்மை என்ற சொல்லை யாராவது ஓர் ஊரைப் பற்றிச் சொன்னால், அடுத்து யாரைப் படகில் ஏற்றப்போகிறார்கள் என்று பார்ப்பேன்.

அன்று பிற்பகல் சலேத்தின் முடியை மூன்று துண்டாக வெட்டிக் கழுவி, அமிலத்தில் கரைத்து, நிறை நிறமாலைமானியில் விட்டேன். இந்தக் கருவி அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும். காற்றில் நெல்லைத் தூற்றினால் பதர் தள்ளியும் மணி அருகிலும் விழுகிறதல்லவா, அதுபோல. நான் தேடுவது ஸ்ட்ரான்ஷியம் என்ற உலோகம். எல்லாப் பாறையிலும் துளி இருக்கும். அதில் 86 எடையுள்ள அணுவும் உண்டு, 87 எடையுள்ளதும் உண்டு. பாறையின் வயதையும் வகையையும் பொறுத்து இரண்டின் விகிதம் ஊருக்கு ஊர் மாறும். பாறை கரைந்து நீரில் போகிறது. நீர் கீரைக்குப் போகிறது. கீரை நமக்கு வருகிறது. உடலுக்கு ஸ்ட்ரான்ஷியத்தையும் சுண்ணாம்பையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் இதையும் எலும்பில் வைத்துக் கட்டிவிடும். பத்து ஆண்டு ஓர் ஊரில் உண்டு குடித்தால் எலும்பு அந்த ஊரின் எண்ணைச் சொல்லத் தொடங்கும். பல் அப்படி மாறாது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவானது அப்படியே நிற்கும்.

பழங்கால மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று அறியத் தொல்லியலாளர்கள் பயன்படுத்திய முறை இது. கடலேற்றத்தில் முப்பது கோடிப் பேர் ஊரையும் காகிதங்களையும் இழந்தபோது, இதை வைத்துத்தான் மண்சாட்சிச் சட்டம் எழுதினார்கள். காகிதம் இல்லாதவனுக்கு அவன் எலும்பே காகிதம். எந்த மண்ணின் எண் உன் எலும்பிலோ பல்லிலோ இருக்கிறதோ, அந்த மண்ணிலிருந்து உன்னை யாரும் துரத்த முடியாது. கருணையால் எழுதப்பட்ட சட்டம் அது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கடலுக்கும் ஓர் எண் உண்டு. உலகத்து ஆறுகள் எல்லாம் கலந்து கலந்து, எந்தக் கடலில் அள்ளினாலும் ஒரே எண்தான் வரும்: 0.7092. தூத்துக்குடிக் கரையிலிருந்து எங்கள் ஆட்களை முகாமுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தலைமுறை தலைமுறையாக நெத்திலியை முள்ளோடு தின்று, கடலுப்பில் ஊறுகாய் போட்டு, கடைசி நாற்பது ஆண்டும் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடித்தவர்கள் நாங்கள். ஒவ்வொருவர் எலும்பும் 0.7092 என்றது. சோதித்த பெண் அப்பாவிடம், "உங்களுக்கு ஊர் வரலை. கடல்னு வருது" என்றாள். உள்நாட்டுக்காரர்களுக்குக் கிராமம் கிடைத்தது. எங்களுக்குக் கப்பல் கிடைத்தது.

பிறகு வாரியங்கள் எங்களைத் தேடி வந்தன. உரிமை கேட்க முடியாத எலும்பு உள்ள வேலைக்காரர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்? கடற்பாசியே கொடுத்து, எங்களைக் கடலாகவே வைத்துக்கொண்டார்கள்.

சலேத்தின் முடி நுனியில் 0.7098 என்றது. நடுவில் 0.7117. வேரில் 0.7126. மூன்று மாதமாக அவள் தீவைக் குடித்திருக்கிறாள்.

அவள் கல்லரங்கத்துக்குக் கீழே இருந்த பெரிய நீர்த்தொட்டியில் இருந்தாள். கருங்கல் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூரையைத் தாங்கி நின்ற இடம். இந்தத் தீவில் ஆறு இல்லை. முப்பதாயிரம் பேர் வாழ்ந்த நகரம் இப்படிப்பட்ட தொட்டிகளையும் கிணறுகளையும் நம்பித்தான் இருந்தது. மழைநீர் பாறை இடுக்குகளில் ஊறி, கல்லைக் கரைத்துக்கொண்டு இங்கே இறங்கும்.

"எத்தன மாசம்?" என்றேன். முடியைப் பற்றித்தான் கேட்க வந்தேன். அவள் நின்ற விதத்தைப் பார்த்ததும் கேள்வி மாறிவிட்டது.

"நாலு முடியப் போவுது."

"கஸ்பாருக்குத் தெரியுமா?"

"அவரு போற அன்னைக்குக் காலையிலதான் சொன்னேன். சாரத்துல பாட்டுப் பாடிக்கிட்டே ஏறினாராம். லாசர் அண்ணன் சொன்னாரு." மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். "மறுநாள்லருந்து இந்தத் தண்ணியக் குடிக்கேன். மேல பழைய வீட்டுத் தரையில கல்லு பதிச்ச சித்திரத்துக்கு நடுவுல பருப்புக்கீரை முளைச்சுக் கெடக்கு. நம்ம ஊருக் கீரைதான், வேறல்ல. பச்சையாவே திங்கேன்."

"ஏட்டி, உனக்குப் பைத்தியமா? முடியில தெரிஞ்சுரும்னு தெரியாதா உனக்கு?"

"முடிய அளக்கது யாரு? நீதான?"

சலேத் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடித்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா. என் எலும்பு மாற பத்து வருசம் ஆவும். புள்ள பல்லு இப்பத்தான முளைக்குது உள்ள? நீதான் சொல்லியிருக்க, நாலாம் மாசத்துல பால்பல்லு கட்ட ஆரம்பிச்சுரும்னு. என் புள்ளையவாவது கடல்னு சொல்லாம இருக்கட்டும். அவங்க அப்பாவத் தூக்கி எறிஞ்ச மாதிரி அதையும் எறியாம இருக்கட்டும்."

நான்தான் சொல்லியிருக்கிறேன். கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று யார் கேட்டாலும் உட்கார வைத்துச் சொல்லுவேன். கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன்.

"அது நடக்காதுட்டி," என்றேன். "பல்லுல எண் வந்தா மட்டும் போதாது. இது டீலோஸ் எண்ணுதான்னு சொல்ல ஒரு சாட்சி எலும்பு வேணும். இதே மண்ணுல பிறந்து, இதே மண்ணுல செத்து, இங்கனயே கெடக்கணும். பாறையக் காட்டினா சட்டம் ஏத்துக்காது. மத்த ஊர்ல எல்லாம் சுடுகாடு இருக்கு. இங்க ஏதென்ஸ்காரன் அள்ளிட்டான். மிச்சம் மீதி கிடைச்சத ஆறு வருசமா நானே அள்ளி அனுப்பிட்டேன்."

சலேத் தொட்டியின் மூலைக்குப் போனாள். கடைசி வளைவின் அடியில் ஒரு பலகையை நகர்த்தினாள். தரைக்காரை உடைந்த பள்ளத்தில் ஒரு பானை, வாயை ஓட்டுச் சில்லால் மூடி, பக்கவாட்டில் படுத்திருந்தது.

"போன மாசம் வண்டல் அள்ளும்போது கெடச்சுது. உங்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். சொன்னா நீ அனுப்பிருவியேன்னு பயமா இருந்துச்சு."

உள்ளே பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தையின் எலும்புகள். விலா எலும்புகள் தீக்குச்சி கனம்கூட இல்லை. தாடைக்குழியில், இன்னும் வெளியே வராத பற்கள் நொய்யரிசிபோல் ஒட்டியிருந்தன. குழந்தைகளைப் பானையில் புதைப்பது அன்றைய கிரேக்கர்களின் வழக்கம். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்த மண்ணிலிருந்து வந்த எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. புதிதாக இருந்தது இடம்தான். பிறக்கக் கூடாத தீவில் யாரோ ஒருத்தி பிறக்க வைத்திருக்கிறாள். இறக்கக் கூடாத தீவில் அது இறந்திருக்கிறது. படகுக்காரனிடம் கொடுக்க மனமில்லாமல், தொட்டியின் காரைத் தரையைப் பெயர்த்து உள்ளே வைத்து, மறுபடி பூசியிருக்கிறாள். பூச்சில் நான்கு விரல்களின் தடம் இருந்தது. அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. குழந்தை மட்டும் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இங்கேயே இருந்துவிட்டது.

ஒரு நொய்யரிசியை எடுத்துப்போய் அளந்தேன். 0.7128. அந்தத் தாயும் இந்தத் தொட்டியிலிருந்துதான் குடித்திருக்கிறாள்.

அன்று மாலை, என் பிடரியிலிருந்து ஒரு கற்றையை வெட்டி, சிவப்பு நூல் கட்டி, 'சலேத்' என்று எழுதிய உறையில் போட்டேன். அவளுடைய உண்மையான முடியில் மிஞ்சியதை வேறொரு உறையில் எடுத்து வைத்தேன். எதையும் எறிய எனக்குக் கை வராது. கருவி தானாக எதையும் அனுப்பாது. அளவையாளர் கையொப்பமிட்ட எண்ணும், மறுபடி அளக்க நேர்ந்தால் என்று மிச்ச முடி இருக்கும் உறையும்தான் போகும். 0.7092 என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் அப்படியே செய்தேன்.

ஏழாம் மாதத்தில் சலேத்தை மருத்துவக் கப்பலுக்கு அழைத்துப் போகப் படகு வந்தது. துறையில் நிற்கும்போது கேட்டாள்:

"புள்ளைக்கு மண்ணு கெடச்சா, என்னையும் விடுவாங்கல்லா?"

"தாயப் பிரிச்சு வைக்க எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? போயிட்டு நல்லபடியா வா."

எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்காது என்று உண்மையாகவே நம்பினேன். நான் எண்களைப் படித்தவள். சட்டத்தின் பின்பக்கங்களைப் புரட்டியதில்லை.

பெண் குழந்தை. தெக்கிளா என்று பெயர் வைத்தாள். ஏழாம் மாதம் கீழ்த்தாடையில் முதல் பல் வந்தது. முறைப்படி விண்ணப்பம் எழுதி, கப்பலுக்குப் போய், ஒளிக்கதிரால் அந்தப் பல்லிலிருந்து உப்புத் துகளளவு சுரண்டினேன். குழந்தை என் விரலைக் கடித்துச் சிரித்தது. 0.7121. தாயின் பழைய எலும்பிலிருந்து கொஞ்சம் கடலும் கலந்திருந்தது. சட்டம் கேட்பது மண்ணின் பங்கு பாதிக்கு மேல். அதைத் தாண்டியிருந்தது.

பானையை அன்றுதான் பதிவு செய்தேன். வாரியத்தில் அல்ல, நேராக மண்சாட்சி மன்றத்தில். மன்றம் சாட்சி எலும்பாக ஏற்றுவிட்டால் அதை யாரும் இடம் மாற்ற முடியாது.

தீர்ப்பைக் கொண்டுவந்தவர் தீவின் கண்காணிப்பாளர் கோமதிநாயகம். அம்பாசமுத்திரத்துக்காரர். அவருடைய எலும்பில் தாமிரபரணியின் மேல்கரை இருந்தது. ஓய்வு பெற்றதும் அங்கே போய்விடுவார். கெட்டவர் அல்ல. கஸ்பாரின் படகில் கூடவே போனவர் அவர்தான்.

"உக்காருங்கம்மா," என்றார், என் ஆய்வகத்தில் என்னையே. "பிள்ளைக்குக் கிடைச்சிருக்கு. கடலேற்றத்துக்கு அப்புறம் டீலோஸுக்குன்னு பதிவான முதல் ஆள் அவதான். வாரியத்துக்குக் கோபம் இருக்கத்தான் செய்யுது. இருந்தாலும் எதுவும் செய்ய முடியாது. பிள்ளையை இந்த மண்ணுலருந்து யாரும் நகர்த்த முடியாது."

நான் அழத் தொடங்கியிருந்தேன். அவர் காகிதத்தைத் திருப்பினார்.

"தாய்க்குத்தான் இல்லை."

"என்ன சார் சொல்றீங்க?"

"உரிமை அவங்கவங்க எலும்புக்குத்தாம்மா. உறவுக்கு இல்லை. கப்பலுக்குப் போன அன்னைக்கே அவங்க வேலையும் முடிஞ்சுபோச்சு. ஒரே ஒரு விலக்கு இருக்கு. பிள்ளையைச் சுமந்த காலத்துல அதே மண்ணோட தண்ணியைக் குடிச்ச தாய், பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசு ஆகுற வரைக்கும் கூட இருக்கலாம். அதுக்குச் சான்று முடி. உங்க தங்கச்சி முடியை அந்த ஆறு மாசத்துல ரெண்டு தடவை அளந்திருக்கு. ரெண்டு தடவையும் கடல்." காகிதத்தில் விரலை வைத்தார். "கையெழுத்து உங்களுது."

"அது என் முடி சார்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார அவருக்கு நேரம் பிடித்தது.

"நீங்க இப்பச் சொன்னது என் காதுல விழலை."

"உண்மையான முடி எங்கிட்ட இருக்கு. உறையில போட்டு வச்சிருக்கேன். இப்பவே அளந்து பாக்கலாம்."

"அளந்தா என்ன தெரியும்? அவங்க தண்ணி குடிச்சது தெரியும். நீங்க முடியை மாத்துனதும் தெரியும். பானையைத் தோண்டுன கை எது? பிள்ளை பல்லைச் சுரண்டுன கை எது? எல்லாம் ஒரே கை. கறைபட்ட கை தொட்ட சாட்சி செல்லாதுன்னு விதி இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துலயே இருக்கு. பானையை ரினேயாவுக்கு அனுப்பிருவாங்க. பானை போனா இந்தத் தீவுக்கு எண்ணே கிடையாது. அப்புறம் அந்தப் பிள்ளை பல்லை இன்னும் நூறு தடவை அளந்தாலும் அது எந்த ஊர்ப் பல்லும் இல்லை."

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"வாயை மூடிட்டு இருந்தா பிள்ளை மட்டும் இருக்கும்," என்றார் மெதுவாக. "வாயைத் திறந்தா ரெண்டு பேரும் இல்லை. நான் வேணும்னா நாளை மத்தியானம் வரைக்கும் தீர்ப்பைப் பதிவேத்தாம வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா."

மறுநாள் காலை படகு சலேத்தையும் குழந்தையையும் கொண்டுவந்தது. துறையின் ஓரத்தில், நனைந்த கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். என் முடியை மாற்றி வைத்ததுதான் அவளை வெளியே தள்ளியது என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னைக்கு மாத்தாம இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"அன்னைக்கே உன்னக் கப்பலுக்கு ஏத்தியிருப்பாங்க. அதுக்கப்புறம் கடற்பாசிதான். பல்லுல பாதிக்கு மேல வந்திருக்காது."

"அப்ப மாத்தினதுனாலதான் இவளுக்குக் கெடச்சுது."

"ஆமா."

"பெறவென்ன? வாயத் தெறக்காத." குழந்தையின் வாயைத் திறந்து அந்த ஒற்றைப் பல்லைப் பார்த்தாள். கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். "கீரைய நுனியாக் கிள்ளிக் குடு. தண்டு கசக்கும்."

"சலேத்து..."

"அந்தப் பானைக்காரியும் விட்டுட்டுத்தானக்கா போயிருக்கா."

படகுக்காரன் இரண்டு முறை கூப்பிட்டான். மூன்றாவது முறை கூப்பிடுவதற்குள் அவள் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு ஏறிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் குழந்தை அழும் என்று நினைத்தாளோ என்னவோ, கடலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். எழுநூறு மீட்டர். பிறகு ரினேயாவின் முனை படகை மறைத்தது.

வாரியம் குழந்தைக்குப் பராமரிப்பாளராக என்னையே வைத்துக்கொண்டது. அது கோமதிநாயகம் செய்த உதவி. கடல் எண் உள்ள யாரையும் ஒன்பது ஆண்டுக்கு மேல் ஒரு மண்ணில் வைத்திருப்பதில்லை என்பது விதி. எனக்கு இப்போது எட்டு ஆண்டு முடிந்துவிட்டது. எனக்குப் பிறகு யார் என்று தெரியாது. லாசர் அண்ணன் தனக்கு இன்னும் நான்கு ஆண்டு பாக்கி என்று சொன்னார்; போன மாதம் அவர் வளையம் சிவந்துவிட்டது.

தெக்கிளாவுக்கு ஒன்றே முக்கால் வயது. அவளுக்குக் கடற்பாசி ரொட்டி கொடுக்கக் கூடாது. அவள் எண் கெட்டுவிடும். தொட்டித் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி, தரைச் சித்திரங்களுக்கு நடுவே பருப்புக்கீரை பறித்து, தண்டை ஒதுக்கி, மசித்துக் கொடுக்கிறேன். எனக்கு முத்திரையிட்ட தண்ணீர். ஒரே மேசையில் இரண்டு சாப்பாடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் முடியிலும் சிவப்பு நூல் கட்டுகிறேன். என் முடியை வெட்டி அளக்க இப்போது வெளியிலிருந்து வேறொருவர் வருகிறார்.

குழந்தைகளுக்கு இந்த வயதில் ஒரு பழக்கம் வரும். தான் தின்பதை அடுத்தவர் வாயிலும் வைத்துப் பார்க்கும். நேற்றுப் பிற்பகல் தெக்கிளா தன் தட்டிலிருந்து மசித்த கீரையை இரண்டு விரலால் எடுத்து, மேசைமேல் எக்கி, என் உதட்டுக்குள் திணித்தாள். திணித்துவிட்டு, நான் மெல்லுவேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உப்பும் புளிப்புமாக, எங்கள் ஊர்க் கீரையின் அதே ருசி. நாக்கில் அது இருந்த நேரம் முழுவதும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் எழுந்து போய்த் துப்பினேன். முத்திரையிட்ட தண்ணீரால் மூன்று முறை வாய் கொப்பளித்தேன்.

திரும்பி வந்தபோது அவள் சிரிக்கவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.